எறும்பு புகுந்த டின்

போர்க்காலத்தில் அகதி முகாமுக்குப் பிள்ளைகளுக்கென்று வந்த ஒரு டின் பயத்தம் உருண்டையை ஒளித்துவைத்து நானே தின்று முடித்தேன். அவற்றைப் பங்கிடும் பொறுப்பில் இருந்த வாத்தியார் நான். டின்னுக்குள் எறும்பு புகுந்துவிட்டது என்று, அனுப்பிய லண்டன் தேவாலயத்துக்கு அழகான கையெழுத்தில் கடிதமும் எழுதினேன்.

இப்போது லண்டனில் மகளிடம் வந்திருக்கும் நான், டூட்டிங்கில் ஞாயிறு பூசை முடிந்து அதே தேவாலயத்தின் மண்டபத்தில் நிற்கிறேன். அந்த நாளில் முகாமில் லண்டன் என்றால் எங்களுக்கு இந்த உருண்டைதான். இன்றும் ஊருக்கு உதவ இதைத்தான் விற்கிறார்கள். விற்கும் ஜெசிந்தா ஒவ்வொரு மூடிக்கும் மூன்று சுற்று டேப் ஒட்டுகிறார்.

"ஏன் தங்கச்சி இவ்வளவு டேப்?"

"சண்டை நேரம் நான் அனுப்பின டின்னுக்குள்ள எறும்பு பூந்திட்டுதெண்டு ஒரு மாஸ்டர் எழுதினவர், அண்ணை. பசிச்ச பிள்ளையளின்ர சாப்பாடு என்ர கவலையீனத்தால பழுதாப் போச்சு. அதுக்குப் பிறகு நான் மூடியை நம்புறேல்லை."

நழுவிவிடத்தான் பார்க்கிறேன். வாசல்வரை போய்த் திரும்பி வருகிறேன்.

"அந்த எறும்பு நான்தான், தங்கச்சி."

அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். "முழு டின்னுமோ?"

"ஓம்."

பரிகாரமாக, மிச்ச டின்களுக்கு நான் டேப் ஒட்டித் தருகிறேன் என்று கை நீட்டுகிறேன்.

"இனி என்னத்துக்கு? என்ர மூடி சரியாத்தானே இருந்திருக்கு" என்று டேப்பைப் பைக்குள் போடுகிறார். பிறகு உருண்டைத் தட்டை எனக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைக்கிறார்.