கல்லறைத் துரைகளிடம் ஒரு நேர்காணல்

எங்கள் அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுக் குளியலறையில் யார் இருமினாலும் எனக்குத் தெரிந்துவிடும். சில நாட்களாக அந்த வீட்டுப் பெண் கண்ணாடி முன்னால் நின்று, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று தானே கேட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேலைக்கு நேர்காணலாம். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறது. அது நிற்கும்போதெல்லாம் எனக்குக் காலில் ஷூ கடிக்கிறது. வீட்டில் வெறுங்காலோடுதான் இருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் என் நேர்காணலுக்கு நான் போட்டுக்கொண்டு போன யூசுப்பின் ஷூ அது. என் காலுக்குப் பெரியது. அதனால் முன்பக்கம் கிழிந்த நைலான் வலையைச் சுருட்டித் திணித்துக்கொண்டேன். பேப்பரைத் திணித்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் மீனவக் குப்பத்தில் பேப்பர் வாங்குகிற வீடு ஏது? கிழிந்த வலைக்குத்தான் பஞ்சமில்லை. வெயில் ஏற ஏற வலை தன் வாசனையை விடத் தொடங்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

யூசுப் பழவேற்காடு டவுன்காரன். அவன் முன்னோர்கள் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்களாம். எங்கள் காலத்தில் அவன் அத்தாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரு சைக்கிள் கடை. நாங்கள் இருவரும் ஐடிஐயில் ஒன்றாக ஃபிட்டர் படித்தோம். எண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டதும், என்னைவிட அவன்தான் அதிகம் குதித்தான். ஒத்திகைக்கு அவன் பிடித்த இடம் டச்சுக்காரர்களின் கல்லறை. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே துரைமார்கள் நிம்மதியாகப் படுத்திருப்பார்கள்.

"இவுங்களும் கம்பெனிக்காரங்கதான்டா. நம்மூருக்கு மொத மொதல்ல வந்த கம்பெனி. அந்தப் பெரிய சமாதிதான் மேனேஜரு. அவரப் பாத்து பதில் சொல்லு" என்றான்.

பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் மேனேஜர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். நான் மாட்டிக்கொண்டது ஒரே கேள்வியில்தான்.

"வெளிய எத்தினியோ பேர் நிக்கிறான். அவனுக்கெல்லாம் குடுக்காம உனக்கு எதுக்கு வேல குடுக்கணும்? நான்தான் சார் பெஸ்ட்டுனு சொல்லு."

எனக்கு வாய் வரவில்லை, செத்துப்போனவரிடம்கூட. யூசுப்புக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னாடா, உன் உசுரையா கேக்கறேன்? ஒரு வார்த்ததான!"

டவுன்காரனுக்கு எப்படிப் புரியவைப்பது? எங்களுக்கு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீனும் இறாலும் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் அடிதடியில் முடியும். அதனால் இன்று இவர்கள், நாளை அவர்கள். ஏரியே இறாலாகக் கொட்டினாலும் அடுத்தவன் பாடு நாளில் நாம் கை வைக்கக் கூடாது. 'நான் கெட்டிக்காரன், எனக்குக் கொடு' என்று கேட்கிறவனுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத முடியாது.

அந்தப் பாடுதான் அப்போது என் தூக்கத்தையும் கெடுத்தது. வருடா வருடம் ஊர்க்கூட்டத்தில் பாடு உள்ளவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் எழுந்து நிற்க வேண்டும். எனக்குத் தனிப் பாடு கிடைக்க வேண்டிய வருடம் அது. கூட்டமும் நேர்காணலும் ஒரே நாளில் வந்து விழுந்தன. கூட்டத்தில் நிற்காமல் கம்பெனியைத் தேடிப் போனவனுக்குப் பாடு கிடையாது. பிறகு திரும்பி வந்து கேட்டாலும் கிடையாது. பாடு கைக்கு எட்டியது; வேலை கிடைக்குமா என்பது யாருக்குத் தெரியும்? நைனாவிடம் போய் நின்றேன்.

வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டே, "போய்ட்டு வா. முகத்துவாரம் மண்ணடிச்சி தூந்துக்கினே வருது. நீயாவது சம்பளக்காரனா இரு" என்றார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

பொன்னேரியில் ரயில் ஏறினேன். அனுப்பம்பட்டில் ஏறியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். அவர் கையிலும் என்னுடையதைப் போலவே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். நெல் போடுகிற குடும்பம், உப்பு ஏறி நிலம் வீணாகிவிட்டது என்றார். இதே கம்பெனிக்கு மூன்றாவது தடவையாக வருகிறாராம். காற்றில் என் தலை கலைந்திருந்ததைப் பார்த்துத் தன் சீப்பைக் கொடுத்தார். ஷூ அப்போதே வாசனை விடத் தொடங்கியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாரே தவிர, ஒன்றும் கேட்கவில்லை.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் லேசாக மூக்கைச் சுருக்கினார். பெயர், ஊர், படிப்பு என்று சமாதியிடம் ஒப்பித்ததைப் பிசகாமல் ஒப்பித்தேன். பிறகு வந்தது அந்தக் கேள்வி.

"வெளியே அனுப்பம்பட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். அவரும் ஃபிட்டர்தான். அவருக்குக் குடுக்காம உங்களுக்கு ஏன் குடுக்கணும்?"

யூசுப்பின் வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வேறொன்று வந்துவிட்டது.

"அவரு மூணாவது தபா வந்துகீறாரு சார். இந்த மொற அவருக்குக் குடுத்துடுங்க. அடுத்த மொற எனக்குக் குடுங்க."

மூவரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை. நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி, நீங்க போகலாம்" என்றார். அனுப்பம்பட்டுக்காரருக்கு அந்த வேலை கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. வேலையும் போயிற்று, பாடும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே கரைக்குப் போனேன். நைனா மணலில் குந்தியிருந்தார்.

"உன் பேரு இருக்குது. நான் ஒதுங்கிக்கினு என் எடத்துல உன் பேரப் போடச் சொல்லிட்டேன்" என்றார்.

வயதாகித் தளர்ந்தவர்கள் அப்படி மகனுக்கு விட்டுக்கொடுப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் நைனா தளரவில்லை. தனியாளாக வலை இழுக்கிற தோள் அவருக்கு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், "உள்ள இன்னா கேட்டாங்க?" என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"சரியாத்தான சொல்லிக்கீற? அதுக்கு எதுக்கு சிரிச்சாங்க?"

வேலைக்கான கடிதம் வரவே இல்லை. என் பாடு நாட்களில் நான் வலை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, நைனா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைத் தாங்குவது பெரிய கொடுமை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டு, பாடு வந்தும் வலை காலியாகவே ஏறிய ஒரு வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். அப்புறம் நான் சென்னைக்கு வந்தேன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. யாரும் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. யூசுப் வளைகுடாப் பக்கம் போனவன், இப்போது தொடர்பில் இல்லை. துரைமார்களின் கல்லறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

நேற்று மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பெண் என்னை நிறுத்தினாள். "அங்கிள், மத்தவங்கள விட்டுட்டு உன்னை ஏன் எடுக்கணும்னு கேட்டா என்ன சொல்றது?"

"நான்தான் பெஸ்ட்டுன்னு சொல்லும்மா" என்றேன். தடுக்காமல் வந்தது.

அதோடு விடாமல் என் கதையையும் அவளுக்குச் சொன்னேன். 'அடுத்த மொற எனக்குக் குடுங்க' என்ற இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்க நைனா இல்லை.