தரகருக்கு எடுத்த படங்கள்

களம்பூர் ரயில்வே கேட்டில் இன்று கூட்ஸ் வண்டி கடந்துபோனது. படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினேன். பெட்டிகளின் தடதடப்பில் அக்காவின் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆரணியில் அப்பாவுக்குப் பட்டுச் சேலை வியாபாரம். அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டப் படம் வேண்டும். மாமா தந்திருந்த கேமராவில் பிலிம் ரோல் மாட்டி, அக்காவைப் படமெடுக்கும்படி அப்பா என்னிடம் சொன்னார். அக்கா கேமராவை என் கையில் தரவேயில்லை. என்னைப் பஸ்ஸில் ஏற்றி இதே கேட்டுக்கு அழைத்து வந்தாள். கூட்ஸ் வண்டி, அதற்குப் பின்னால் தெரிந்த குன்று, ஏரிக்கரை என்று முப்பத்தாறு படங்களையும் அவளே எடுத்துத் தீர்த்தாள்.

பிரிண்டுகளைப் பார்த்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தரகர் வந்துகினு இருக்காரு. இதுல உன் மூஞ்சி எங்கடி?"

அக்கா பிரிண்டுகளை எடுத்து அடுக்கினாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அப்பா ஒவ்வொரு படமாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரகர் வந்ததும், "பொண்ணு போட்டோ குடுங்க" என்று கை நீட்டினார்.

"பொண்ணு போட்டோ இல்லீங்க. பொண்ணு எடுத்த போட்டோ இருக்குது, பாக்குறீங்களா?" என்றார் அப்பா.

தரகர் இரண்டைப் புரட்டிவிட்டு, காபி கூடக் குடிக்காமல் கிளம்பினார். அந்த வரன் அதோடு நின்றுபோனது.

அடுத்த வாரம் அப்பா புது ரோல் ஒன்று வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தார். யாரைப் படமெடுக்க என்று சொல்லவில்லை.