இடது கையில் கட்டிய பட்டை

வார்டில் அவளுக்கு ‘மின்னல் சிஸ்டர்’ என்று பெயர். பதினோரு வருட ஓட்டத்துக்குக் கிடைத்த பட்டம் அது. அன்று காலை அவளை மாற்றிவிட வேண்டிய பகல் நர்ஸ் வரவில்லை. இரவுப் பணியோடு பகலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மதியம் மூன்று மணிக்குத்தான் வீடு வந்தாள்.

வந்த கையோடு கணவனுக்குச் சோறு போட்டாள்.

“மெல்லப் போடு தாயே, இந்த வேகத்துல எனக்கும் ஊசி குத்திடுவ போலிருக்கு!”

கரண்டி அந்தரத்தில் நின்றது.

கிளம்பும் முன் ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு ரத்தம் எடுத்திருந்தாள். வலது கையில் டிரிப்ஸ் ஏறியதால், பக்கவாதத்தில் மரத்துப்போன இடது கையில் ரப்பர் பட்டையை இறுக்கினாள். ஊசியை உருவிப் பஞ்சு ஒட்டும்போதே பன்னிரண்டாம் படுக்கையில் யாருக்கோ மூச்சுத் திணறல். ஓடினாள். பட்டையை அவிழ்த்தாளா? பெரியவருக்கு வலியும் தெரியாது, பேச்சும் வராது.

வார்டுக்கு போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு நோயாளிகளுக்கு ஒரே நர்ஸ். எடுக்க ஆள் ஏது?

“பழக்கத்துல அவிழ்த்திருப்ப, விடு” என்றான், விஷயத்தைக் கேட்ட கணவன்.

“அவிழ்த்த ஞாபகமே வரலைங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பஸ் ஆமையாய் ஊர்ந்தது.

ஏழாம் படுக்கையில் பெரியவரின் மகள் அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிவரை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அவள் அவிழ்த்த பட்டை மெத்தையில் கிடந்தது.

“போர்வையை இப்பதான் விலக்கினேன் சிஸ்டர். யாரு கட்டினது இதை?”

“நான்தாம்மா. மறந்துட்டேன்.”

“மறந்துட்டீங்களா? எங்கப்பா கை போயிருந்தா?”

ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். நாடி பிடித்தபடி அங்கேயே நின்றாள். நகக்கண்களில் சிவப்பு திரும்ப முக்கால் மணி நேரமானது. அதுவரை அவள் உட்காரவே இல்லை.

அறிக்கை எழுதும்போது தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “பட்டையை மட்டும் எழுது. ஆள் கணக்கெல்லாம் உனக்கெதுக்கு?”

“அதையும் சேர்த்துத்தான் மேடம் நடந்தது.”

‘தொடர்ந்து பதினெட்டு மணி நேரப் பணி. கிளம்பும்போது முப்பத்தெட்டு நோயாளிகள், ஒரு நர்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஒரே வாரத்தில் அவளிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பகலுக்கு இரண்டாவது நர்ஸ் வர இரண்டு மாதம் பிடித்தது. பெரியவர் கைக்குப் பழுதில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார். அவள்தான் இன்றும் பணி முடிந்து வார்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், ஒவ்வொரு போர்வையாக விலக்கிப் பார்க்கிறாள்.