பாட்டுக்குள் ஒரு பல்லி

என் அத்தை தையல்காரி. கையால் தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் ஒரு பித்தளைத் தொப்பி மாட்டியிருப்பாள். சில நாள் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவாள். தட்டில் டிக் டிக்கென்று கேட்கும்.

அவள் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் துணி தைத்து முடிந்த பிறகும் போகமாட்டார்கள். ஒருவர் பஸ் கண்டக்டர், எங்களுக்கு அவர் மீசை. இன்னொருவர் கணக்கு வாத்தியார். இருவருக்கும் வயசான ஒரு பாடகர் மேல் பைத்தியம். ஆனால் அவருடைய ஆல்பம் ஒன்றைப் பற்றி மட்டும் எலியும் பூனையும்தான். அது வெளிவந்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். கடைசிப் பாட்டின் கைதட்டலுக்குள் பல்லி கத்துகிறது என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு பாடகர் நெடுநாள் பாடவேயில்லை.

"அது பல்லி இல்லைய்யா, கடிகாரம். மனுசனோட ஆயுசு ஓடுதுன்னு அர்த்தம்" என்பார் மீசை. இந்த அர்த்தத்தை அவர் காதில் போட்டது நான்தான். சும்மா அளந்துவிட்டேன், பிடித்துக்கொண்டார்.

"ரெக்கார்டிங் கோளாறு. விமர்சகர் சரியாத்தான் எழுதினாரு" என்பார் வாத்தியார்.

அந்தப் பாட்டு வந்தாலே அத்தை மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். துணியே இல்லாமல்கூட மிதிப்பாள். காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் அவள் கடைக்கு மேல்மாடியில்தான் ஒலிப்பதிவுக் கூடம். கைதட்ட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். பாதி தைத்த சட்டையைப் போட்டது போட்டபடி ஓடினாள், விரலில் தொப்பியோடு.

"நல்லா பாடிட்டிருந்த மனுசன் வாய நான்தான்டி அடைச்சேன்" என்றாள். அத்தை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிண்டலடிக்க ஒன்றும் தோன்றவில்லை.

போன வாரம் அந்த ஆல்பம் மறுபடி வந்தது. தடித்த பெட்டி, உள்ளே இரண்டு இசைத்தட்டு. ஒன்றில் இரைச்சல் நீக்கிய பாட்டுகள், இன்னொன்றில் ஒத்திகைகள். மீசை அதைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்தி வந்தார்.

"பழைய கள்ளு, புது மொந்தை. ஒத்திகைய எவன்யா கேப்பான்?" என்றார் வாத்தியார்.

"கேக்க வேணாம். காதப் பொத்திக்குங்க."

முதல் தட்டைப் போட்டார்கள். கடைசிப் பாட்டில் கைதட்டல் வந்தது, டிக் வரவில்லை. அத்தை நிம்மதியாக மூச்சு விட்டாள். மீசைக்கு முகம் தொங்கிவிட்டது.

"எடுத்துட்டானுங்களே."

"என்னமோ, உப்பில்லாத மாதிரி இருக்கு" என்றார் வாத்தியார், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் போல.

மீசை இரண்டாவது தட்டைப் போட்டார். அதே பாட்டு, அதே டிக். அத்தையின் கால் மிஷின் மிதிபலகைக்குப் போனது. அதற்குள் பாட்டு நின்று, யாரோ பேசினார்.

"அண்ணே, கீழ்க்கடை தையக்கார அம்மா கையில என்னமோ மாட்டியிருக்கு. கழட்டிட்டு மறுபடி தட்டச் சொல்லவா?"

அடுத்தது பாடகரின் குரல். "வேணாம்ப்பா, இருக்கட்டும். அது இருந்தாத்தான் மனுசங்க தட்டுற மாதிரி இருக்கு."

ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டது. அன்றைக்கு அத்தைக்குக் கேட்டிருக்க வழியில்லை.

இரண்டு தலையும் மெல்லத் திரும்பி அவள் விரலைப் பார்த்தன.

"அக்கா" என்றார் மீசை. "நீங்களா பல்லி?"

"ஆமா. உங்க பேன்ட் ரெடி, எடுத்துட்டுக் கெளம்புங்க."

யாரும் கிளம்பவில்லை. ஒரே பாட்டை இனி ஒன்பது விதமான பெட்டியில் போட்டு விற்றாலும் நான் கிண்டலடிக்க மாட்டேன். ஒத்திகையையும் சேர்த்துப் போட்ட அந்தக் கம்பெனி மகராசன்கள் நன்றாக இருக்கட்டும்.

அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்த ஆளு பேசினத இன்னொருவாட்டி போடுங்க" என்றாள். "பாட்டையும் சேத்து."

மீசை போட்டார். மிஷின் ஓடவில்லை. அத்தையின் இரண்டு காலும் தரையில் இருந்தன.