டைம்அவுட் இல்லாத வெயிட்

இன்று காலை கோட் ரிவ்யூவில்...

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது!

நான் தரங்கம்பாடியில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். (லேப்டாப் அறையில், சிக்னல் மொட்டைமாடியில். மழை வந்தால் இரண்டும் இல்லை.)

இப்போது எழுதுவது ஓர் இன்டர்ஃபேஸ். ஃபைலோ, நெட்வொர்க்கோ, எங்கோ வயலில் நிற்கும் சென்சாரோ, டேட்டா எங்கிருந்து வந்தாலும் ஒரே மாதிரி கேட்டு வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்கவும் கூடாது. நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம், தயாரானதும் அதுவே கூப்பிடும். நின்றே தீருவேன் என்பவர்களுக்குத் தனியாக ஒரு வெயிட் ஃபங்ஷன் உண்டு.

ரிவ்யூ செய்தவர் பிரசன்னா, என் டீம் லீட். நல்ல மனிதர். இத்தனை வருடத்தில் குரல் மட்டும்தான் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும்.

"கயல், டிசைன் நல்லா வந்திருக்கு. ஆனா இந்த வெயிட் ஃபங்ஷன்ல டைம்அவுட் எங்க?"

"வைக்கல பிரசன்னா."

"மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று கெடு வைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை!

"சரி, அந்தப் பக்கத்துலேருந்து பதிலே வரலன்னா என்ன ஆகும்?"

"வர்ற வரைக்கும் வெயிட் பண்ணும்."

"அப்படி யாருங்க வெயிட் பண்ணுவா?" சிரித்தார். "டீஃபால்ட்டா முப்பது செகண்ட் போட்டுருங்க. அதுக்கு மேல போனா எரர். ஈவ்னிங்குள்ள முடிச்சிடுங்க."

நானும் சிரித்தேன். பிறகு மியூட் போட்டுவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

என் கணவர் போட்டில் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். நேற்றே வந்திருக்க வேண்டும். கூடப் போன போட்டெல்லாம் கரைக்கு வந்துவிட்டது.

ஆபீசில் யாருக்கும் இது தெரியாது. 'வீட்டுக்காரருக்குக் கடல்ல வேலை' என்றுதான் ஒருமுறை சொன்னேன். கப்பல் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "டாலர்ல சம்பளமா?" என்றுகூடக் கேட்டார்கள். (டீசலும் ஐஸும் போக மிஞ்சினால் அதுவே எங்களுக்கு டாலர்!) நான் திருத்தவில்லை. உட்கார வைத்து விளக்குகிற அளவுக்கு அங்கே யாரும் நெருக்கம் இல்லை. ஊரிலோ, என் வேலை என்னவென்று கேட்கிற ஆளும் இல்லை.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே அவர் போனில் சிக்னல் கிடைக்காது. தெரிந்தும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

'சாப்பிட்டேன்.'

'கரண்ட் போயிடுச்சு.'

'மாடிப் பூனை குட்டி போட்டிருக்கு மாமா!'

எல்லாம் ஒற்றை டிக்கில் நிற்கும். பேச வேறு யார் இருக்கிறார்கள்?

மதியம் அத்தை போன் செய்தார். என் மாமியார். விடிந்ததிலிருந்து துறைமுகத்தில்தான் நிற்கிறார்.

"வயர்லெஸ்ல கூப்பிட்டுப் பாத்தாங்களாம்மா. சத்தமே இல்லையாம். நீ சாப்பிட்டியா?"

"நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?"

"அவன் வரட்டும்."

(அத்தைக்கும் டைம்அவுட் கிடையாது.)

தட்டில் சோறு போட்டேன். அப்படியே மூடி வைத்தேன். லேப்டாப்பைத் திறந்து முப்பது என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். முப்பது நொடி முடிந்ததும் எரர் வரும், சரி. அந்த எரரைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மதிய மீட்டிங்கில் எட்டுச் சதுரங்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு தனியாக நான் என்றுமே இருந்ததில்லை.

'இருக்கீங்களா மாமா?' என்று அனுப்பினேன்.

ஒற்றை டிக்.

வெயில் இறங்கும் நேரம். மொட்டைமாடியில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே அது இரட்டை டிக் ஆனது!

மேலே தள்ளிப் பார்த்தேன். எல்லாமே இரட்டை டிக்!

கூப்பிட்டால் லைன் போகவில்லை. ஆனால் பதில் வர ஆரம்பித்தது. எப்படி? மனிதர் முதல் மெசேஜிலிருந்து வரிசையாகப் பதில் போடுகிறார்!

'என்ன கொழம்பு?'

'கரண்ட் வந்துச்சா?' (அது எப்போதோ வந்துவிட்டது, சாமி!)

'எத்தன குட்டி?'

'அதெல்லாம் விடுங்க, என்னாச்சு?' என்று நடுவில் புகுந்து கேட்டேன். அந்தக் கேள்வியும் வரிசையில் கடைசியாகப் போய் நின்றுகொண்டது.

கோபம் வந்தது. கூடவே, இத்தனை நாளாக நான் தனியாகப் பேசியதற்கெல்லாம் ஓர் ஆள் கிடைத்த சந்தோஷமும் வந்தது. எதையும் விடாமல் படித்திருக்கிறார்.

பூனை முடிந்தது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் முடிந்தது. கடைசியில் 'இருக்கீங்களா'வுக்கு வந்தார்.

'இருக்கேன்டி.'

அதன் பிறகுதான் விவரம் வந்தது. 'ப்ரொபெல்லர்ல வலை சுத்தி இன்ஜின் நின்னுடுச்சு. போட் பேட்டரியும் போச்சு, வயர்லெஸ் வேல செய்யல. நாகப்பட்டினம் போட் ஒண்ணு கட்டி இழுத்துட்டு வருது. அம்மாகிட்ட சொல்லு.'

அத்தைக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டிருக்காங்க அத்தை. நல்லா இருக்காங்க."

அத்தை பக்கத்தில் யாரிடமோ "வர்றானாம்!" என்று சொல்வது கேட்டது.

"பசிக்குதும்மா" என்றார்.

கீழே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ரிவ்யூவில் பதில் எழுதினேன்: 'டீஃபால்ட் கிடையாது. எவ்வளவு நேரம் என்று காத்திருப்பவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கம்பைல் ஆகாது, கோடே ஓடாது. வரும்வரை என்றும் சொல்லலாம்.'

பிரசன்னா உடனே கேட்டார்: 'ஓகே, நல்ல ஐடியா. ஆனா அந்தக் கடைசி ஆப்ஷனை யார் யூஸ் பண்ணப் போறா?'

'எங்க அத்தை' என்று அனுப்பினேன்.

ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். வெயிட் பண்ணட்டும்! வாசலில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்கிறது, சோறு போட வேண்டும்.