ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்

அம்மா இறந்தபோது ராஜபாளையத்தில் கரண்ட் போய் இரண்டு நாளாகியிருந்தது. புயலெல்லாம் கடலோரத்துக்காரர்கள் பாடு, நமக்கு மலை இருக்கிறது, தடுத்துவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மலை எதையும் தடுக்கவில்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று மின்கம்பங்கள் சாய்ந்து, வயர்கள் வாசலெல்லாம் கிடந்தன.

விடியற்காலையில் அம்மா தண்ணீர் கேட்டாள். டம்ளரோடு வருவதற்குள் போய்விட்டாள். மூச்சிரைப்பு பல வருடமாக இருந்ததுதான். ஆனாலும் இப்படிச் சட்டென்று போவாள் என்று யார் நினைத்தது? எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் தம்பி ஞாபகம் வந்தது. ஒரே தம்பி. ராணுவத்தில் வடக்கே எங்கேயோ எல்லைப் பக்கம் இருக்கிறான். அப்பா இறந்தபோது லீவு கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "ஒனக்காவது நான் பக்கத்துல இருக்கணும்மா" என்று அன்றைக்கு அம்மா மடியில் விழுந்து அழுதான். அவன் வந்து அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

என் போனில் சார்ஜ் சாகக் கிடந்தது. நம்பரைப் போடும்போது, அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்து நின்ற தாய்மாமா கையைப் பிடித்தார்.

"எறந்துட்டான்னு சொல்லிராத தாயி. ஒத்தையில வாரவன். வழியில என்னமும் ஆயிரக் கூடாது. சீரியஸுன்னு சொல்லு, போதும்."

இது ஊர் வழக்கம்தான். தூரத்தில் இருப்பவருக்குச் சாவைப் போனில் சொல்வதில்லை. உடம்பு சரியில்லை என்போம், கேட்பவரும் பெரும்பாலும் புரிந்துகொண்டுதான் வண்டி ஏறுவார். தம்பிக்குப் புரியவில்லை. அம்மா இரண்டு தடவை நிஜமாகவே சீரியஸாகிச் சேர்த்து, இரண்டு தடவையும் எழுந்து நடந்து வந்தவள்.

"ஏலே, அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். ஒடனே கிளம்பு."

"ஸ்ரீவில்லிபுத்தூர்லயாக்கா?"

"ஆமா" என்றேன். யோசிக்கவே இல்லை. எப்போதும் அங்கேதான் சேர்ப்போம்.

"போன அம்மாட்ட குடு."

"மாஸ்க் மாட்டிருக்கு. பேச முடியாது."

"பிளைட்டப் புடிச்சு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். அம்மாட்ட சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். குனிந்து அவள் காதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விட்டது, ஊரில் யார் போனும் வேலை செய்யவில்லை.

ஃப்ரீசர் பெட்டி வந்தது. கரண்ட் இல்லாமல் அது வெறும் கண்ணாடிப் பெட்டி. மாமா அலைந்து திரிந்து பந்தல்காரரிடமிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்தார். அது ராத்திரி முழுக்க உறுமிவிட்டு மறுநாள் காலையில் டீசல் தீர்ந்து நின்றது. பெட்ரோல் பங்க்குகளிலும் கரண்ட் இல்லை, டீசல் எடுக்க வழியில்லை. மீன் வியாபாரம் செய்யும் எதிர்வீட்டு பாய், தன்னிடம் மிச்சமிருந்த ஐஸ் பார்களை உமிச்சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார். "மீன் ஐஸுன்னு நெனைக்காதம்மா, புதுசு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மாமா மகன் காலையிலிருந்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தம்பிக்காக நின்றான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பொய் சொன்னவள் நான், எனக்கே அந்தப் பொய் மறந்து போயிற்று. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மத்தியானம் ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. பூவையும் ஊதுபத்தியையும் மீறி வாடை வரத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமா மகன் ஆள் இல்லாமல் திரும்பி வந்தான்.

"இனி தாங்காது தாயி. ஒங்கம்மாவ நாமளே சீரழிய விடலாமா?" என்றார் மாமா.

நான் கத்தினேன். இன்னும் ஒரு மணி நேரம் என்று காலைப் பிடித்தேன். தெருமுனை வரை ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோட்டில் சாய்ந்த வேப்பமரத்தை நாலு பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டரை மணிக்கு எடுத்தார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு பெண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஆட்டோ நின்றது. தம்பி இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு, கையில் இட்லிப் பொட்டலம்.

"வார்டு வார்டாத் தேடுனேன்க்கா. அப்படி யாரும் இங்க இல்லன்னு சொன்னப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. எப்ப டிஸ்சார்ஜ் ஆனாக? உள்ள படுத்துருக்காகளா?"

அவன் எங்கள் ஈரத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, போட்டிருந்த ஷூவோடு சுடுகாட்டுக்கு ஓடினான்.

அங்கே முகத்தின் மேல் வறட்டி அடுக்கி, மாமா மகன் கொள்ளி வைத்து முடித்திருந்தான்.

சாயங்காலம் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று கேட்டான். காலையிலேயே எடுத்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். இந்த இடத்தில் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. ரெண்டரை என்றேன்.

அவன் விரலை மடக்கினான். "ஒரு மணிக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கிட்டேன். ஆஸ்பத்திரிலயும் கரண்ட் இல்ல, டார்ச் அடிச்சு ஒவ்வொரு கட்டிலாப் பாத்தேன். பொறவு இட்லிக் கடை. வெறகடுப்புதான், ஒரு ஈடு தீந்து போச்சு, அடுத்த ஈடு வேகட்டும்னு நின்னேன். அம்மா சூடாத் திங்கட்டும்னு..."

மடக்கிய விரல்களைப் பார்த்தான். "அங்க நிக்கையில நான் எம்புட்டு சந்தோசமா இருந்தேன் தெரியுமாக்கா" என்றான்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் பிழைத்திருப்பேன்.

ஆறாம் நாள் கரண்ட் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் கிளம்பிப் போனான்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறான். எல்லாரும் நல்லா இருக்கோம்டா என்று நான் சொன்னால் சரி என்பதில்லை. "மாமாட்ட குடு" என்பான். பிறகு என் மகளிடம், பிறகு என் வீட்டுக்காரரிடம். அவர் குளித்துக்கொண்டிருந்தால்கூட லைனிலேயே காத்திருப்பான். ஒவ்வொருவர் குரலையும் தன் காதால் கேட்ட பிறகுதான் என்னிடம் பேச்சை ஆரம்பிப்பான்.