ஜாம் ஆகாத எஞ்சின்

நன்றாக இருந்த ஓர் எஞ்சினை ஜாம் ஆகிவிட்டது என்று பொய் சொல்லி, கணவனை இழந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

தாம்பரத்தில் அப்போது நான் பள்ளி ஆசிரியர். என்னுடைய பழைய சீமைக் காரின் எஞ்சின் ஒரு கோடையில் விரிசல் விட்டது. வெளிநாட்டிலிருந்து ஒரு திருகாணியைக்கூட வரவழைக்க முடியாத காலம் அது. வேறு எஞ்சின் தேடிப் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்தேன். கிடைத்தால்தானே! கார் இல்லாமல் நடந்து போனால் மரியாதை போய்விடும் என்று தவித்தேன்... அற்பன்.

என்னோடு வேலை பார்த்த சாமுவேல் சார் இறந்த பின், அவருடைய கார் சிட்லபாக்கம் வீட்டில் தார்ப்பாய்க்குள் நின்றது. அவர் மனைவி மேரி அக்கா என்னை வரச் சொன்னார்.

"எஸ்தர் கல்யாணத்துக்கு அவ அப்பா வண்டியிலதான் சர்ச்சுக்குப் போவேங்கிறா, தம்பி. ஓடுமான்னு பாருங்களேன்."

முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினேன். எந்த முரண்டும் இல்லாமல் எஞ்சின் சுழன்றது! புது பேட்டரியும் கொஞ்சம் பெட்ரோலும் போதும், ஓடியிருக்கும்.

நிமிர்ந்தேன். "ஜாம் ஆயிடுச்சுக்கா. இனி இது இரும்புக்குத்தான்."

அதைச் சொன்னது நான்தானா? இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் நம்பினார். ஊரில் நல்லவன் என்று பெயர் எடுத்திருந்தேனே!

காயலான் கடைக்கு அனுப்புவதாகச் சொல்லி, எஞ்சினை மெக்கானிக் காசிம் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவரிடமும் அதே பொய்: ஜாம் ஆன எஞ்சின், சரிசெய்து என் காரில் மாட்டுங்கள் என்றேன். கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜாமுன்னீங்களே சார், நல்லா கீதே" என்றார். வேலையைப் பாருங்கள் பாய் என்றேன். என் கியர் பாக்ஸோடு அது பொருந்தவில்லை. நடுவில் வைக்க ஒரு தகட்டைக் கடைந்து கொடுத்தார். ரேடியேட்டரில் இடித்த விசிறியின் இறக்கைகளை அறுத்தார். என் கார் மறுபடி ஓடியது.

கல்யாணம் வந்தது. வண்டிக்கு நான் இருக்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். பரிகாரம் என்று நினைத்தேனோ... இல்லை, தாராள மனசுக்காரன் என்ற பெயரும் வேண்டியிருந்ததோ?

எஸ்தர் மணக்கோலத்தில் பின்சீட்டில் இருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவது என் வழக்கம். கை சாவிக்குப் போனது.

"ஆஃப் பண்ணாதீங்க அங்கிள்" என்றாள். "அப்பா வண்டி சத்தம் மாதிரியே இருக்கு."

"பழைய வண்டி எல்லாம் இப்படித்தாம்மா."

கேட் திறக்கும்வரை அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. அந்தச் சத்தம் இன்றும் என்னோடுதான் இருக்கிறது.

விருந்துக்கு முன் மேரி அக்கா ஜெபம் செய்தார். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு வண்டி கொடுத்த தம்பிக்காக, என் பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

நானும் சொன்னேன்.